விவரம் சொல்லாத விண்ணப்பம்

1

வந்தவர்கள் வில்சன் பிரதர், டேனியல், நான். வராதவன் சாமுவேல்.

போன வெள்ளிக்கிழமையோடு எங்கள் ஜெபக் குழுவுக்கு ஐந்து வயது முடிந்தது. இங்கே மஸ்கட்டில் வெள்ளிதான் எங்களுக்கு ஞாயிறு. ஒரே காம்பவுண்டுக்குள் ஏழெட்டு மொழிக்காரர்களுக்கு நேரம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் ஆராதனை முடிந்தால் மலையாளிகள், அவர்களுக்குப் பிறகு பிலிப்பைன்ஸ்காரர்கள். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. எங்கள் ஆராதனை முடிந்து, அடுத்த சபையின் கார்கள் வந்து நிறைவதற்குள் கிடைக்கும் நேரத்தில் அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்காருவோம். அதுதான் குழு.

வில்சன் பிரதர் பெரம்பலூர் டவுன்காரர். ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இங்கே வந்து விழுகிற எத்தனையோ பேருக்கு முதல் மாதச் சோறு அவர் வீட்டில்தான் கிடைத்திருக்கிறது. டேனியல் வேன் ஓட்டுகிறான், கீழப்பழுவூர்ப் பக்கம். எனக்குக் குரும்பலூர். சாமுவேலுக்கு ரெட்டிபாளையம். நாலு பேரும் ஒரே மண்ணின் ஆட்கள் என்பதாலேயே ஒன்றாகச் சேர்ந்தோம்.

ஐந்து வருட நிறைவுக்காக வில்சன் பிரதர் ஒரு கேக் வாங்கி வந்திருந்தார். வெயிலில் அதன் க்ரீம் ஒரு பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. நான் முந்தின நாள்தான் ஊரிலிருந்து விடுமுறை முடிந்து திரும்பியிருந்தேன். சாமுவேலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

"சொல்லுங்க பிரதர். எப்படி இருக்காரு?" என்றார் வில்சன் பிரதர்.

நான் சொன்னதை எழுதுவதற்கு முன்னால், ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

2

பெரம்பலூர்ப் பக்கத்து பாலிடெக்னிக் ஒன்றில் சேர்க்கை நாள். ஆபீஸ் ஜன்னல் முன்னால் வரிசை. என் அப்பா வெங்காயக் காட்டில் கூலி வேலை பார்ப்பவர். எங்களுக்கு முன்னால் நின்றவர் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர். தலைமுடியைக் கழுவியும் சாம்பல் நிறம் போகவில்லை. தகப்பனார் கையெழுத்து போடும் இடத்தில் இரண்டு பேருமே கட்டைவிரலைத்தான் வைத்தார்கள். மையைத் துடைக்க அங்கே எதுவும் இல்லை. அவர் தன் வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு, அதே நுனியை என் அப்பாவிடம் நீட்டினார்.

"இதுலயே தொடச்சிக்குங்க. எப்படியும் அழுக்கு வேட்டிதான்."

பக்கத்தில் நின்ற அவர் மகனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஒரே கூச்சம், ஒரே சிரிப்பு. அவன்தான் சாமுவேல். எங்கள் வகுப்பில் கிறிஸ்தவப் பையன்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் கூட்டாளி ஆனது அதனால் இல்லை, அந்த வேட்டி நுனியால்.

மூன்று வருடமும் அவனிடம் எனக்கு மறைக்க எதுவும் இருந்ததில்லை, அவனுக்கும் இருந்ததில்லை. மதியம் மணி அடித்ததும் அவன் மெல்ல எழுந்து கிரவுண்டு பக்கம் போவான். நான் பின்னாலேயே போவேன்.

"டேய், சாப்ட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத."

"சாப்ட்டேன்டா. காலையிலேயே ஃபுல் கட்டு."

"எங்க, வாய ஊது பாப்போம்."

சிரித்துவிடுவான். என் சோற்று டப்பா இரண்டு பங்காகும்.

அவனுக்கு அப்பா குடிப்பது பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து சொல்வான். ஊர் சபையில் பாட்டுப் பாடும் செல்வியைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் அந்த சீட்டில்தான். ஜெபமும் அங்கேதான் நடக்கும். அப்போதைய எங்கள் ஜெபம் இப்படி இருக்கும்:

"நாளைக்கு சர்வே பேப்பர்டா. ஆண்டவர்கிட்ட சொல்லி வை. லெவலிங் கணக்கு வரக்கூடாதுன்னு சொல்லு."

"லெவலிங்னா அவருக்குப் புரியுமாடா?"

"புரியற மாதிரி நீ வெளக்கிச் சொல்லு. ஒனக்கென்ன அவசரம்?"

அவனுக்குக் கண் கூர்மை. நாங்கள் புழுதியை மட்டும் பார்க்கும் தூரத்தில் அவன் பஸ்ஸின் போர்டையே படித்துவிடுவான். "எந்திரிக்காதீங்கடா, அது நம்ம வண்டி இல்ல, துறையூர் வண்டி." அதனால்தான் சர்வேயர் ஆனான். வறண்ட ஏரிக்குள் பயிற்சிக்குப் போனால், தூரத்தில் ஒருவன் நட்டுப் பிடித்திருக்கும் அளவுக் கம்பின் எண்களை அவன் கருவிக்குள் பார்த்ததும் சொல்லிவிடுவான். நாங்கள் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் முதலில் இங்கே வந்தேன். இரண்டு வருடம் கழித்து அவனும் வந்தான், வேறு கம்பெனிக்கு. ரோடு போடுகிற, வடிகால் கட்டுகிற வேலை. அவனுக்கு ஊருக்கு வெளியே கேம்ப். எனக்குக் கல்யாணம் ஆகி, மனைவிக்கும் இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால், வாடகை வீடு. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, சர்ச் காம்பவுண்டில் பார்த்துக்கொள்வோம். அது போதும் என்று இருந்தோம்.

3

குழுவில் இரண்டு விதிகள் இருந்தன. இரண்டும் நல்லதற்காக வந்தவை.

ஆரம்பத்தில் எங்களோடு இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை தனக்கும் மனைவிக்கும் உள்ள சண்டையைச் சொல்லி அழுதார், எல்லாரும் ஜெபித்தோம். அடுத்த வாரத்துக்குள் அந்தச் செய்தி பெரம்பலூரில் அவருடைய மாமியார் காதுக்குப் போய்விட்டது. யார் வாய் வழியாகப் போனது என்று இன்றுவரை தெரியாது. அவர் அதன் பிறகு வரவே இல்லை. வில்சன் பிரதர் அதில் ரொம்ப உடைந்துபோனார். அதற்கடுத்த வாரம் சொன்னார்:

"இனிமே விவரம் வேணாம் பிரதர். 'ஒரு காரியம் இருக்கு, ஜெபிச்சுக்குங்க'ன்னு சொன்னாப் போதும். விவரம் கர்த்தருக்குத் தெரியும். நமக்கு எதுக்கு?"

எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்து மனசைத் திறந்து பேசுவதைப்போல் சங்கடம் வேறு இல்லை. இந்த விதி வந்த பிறகு யாரும் எதையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. நேரமும் மிச்சம்; மலையாளிகளின் கார்கள் வருவதற்குள் முடித்துவிடலாம்.

இரண்டாவது விதி, பேச்சு மரியாதை. டேனியல் வாய் திறந்தால் வேன் டிரைவர் வாய். சாமுவேலும் நானும் வாடா போடா. சின்னப் பிள்ளைகளும் சுற்றி விளையாடுகிற இடம் என்பதால், "இது டீக்கடை இல்லைல்ல? ஒருத்தரை ஒருத்தர் பிரதர்னு கூப்பிடுவோம்" என்றார் வில்சன் பிரதர். முதல் வாரம் சாமுவேல் என்னைப் பார்த்து, "ஸ்டீபன் பிரதர், சௌக்கியங்களா?" என்றதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாம் வாரம் சிரிப்பு வரவில்லை. பிறகு போனிலும் அதுவே வந்துவிட்டது. "சொல்லுங்க பிரதர்." "ஒண்ணும் இல்ல பிரதர், சும்மாதான்." "சரி பிரதர், ஸ்தோத்திரம்." பேச்சு அதோடு முடிந்துவிடும். டா போட்டுப் பேசும்போது வருகிற அடுத்த கேள்வி பிரதர் போட்டுப் பேசும்போது வருவதில்லை.

எங்கள் குழுவில் வேதம் வாசிப்பவன் சாமுவேல். நல்ல குரல். மூன்றாவது வருடத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வான், ஆனால் முகம் நேராக இருக்கும். சங்கீதத்தைத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போவான். மனப்பாடம்! வில்சன் பிரதருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, வசனம் உள்ள எறங்கிடுச்சு" என்றார். பாடும்போது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கண்ணைத் திறக்கமாட்டான். ஆராதனைக்கு வந்த பெண்கள்கூட என் மனைவியிடம் சொன்னார்கள், அந்த அண்ணனுக்கு எவ்வளவு பக்தி என்று.

சங்கீதம் வேதத்தின் நடுவில் இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் மடியில் திறந்திருந்த புத்தகத்தில் இடது பக்கம் பத்துத் தாள்தான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அவனுக்கு எதிரே உட்கார்ந்து வாரா வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்து, ஸ்தோத்திரம் சொன்னோம்.

விண்ணப்பம் சொல்லும் முறை வரும்போது அவன் சொல்வான்: "எனக்கு ஒரு காரியம் இருக்கு. ஜெபிச்சுக்குங்க." ஏறக்குறைய ஒரு வருடம் அந்த ஒரே காரியம். நாங்களும் மனதாரத்தான் ஜெபித்தோம். என் வீட்டில் என் மகள்கூடத் தூங்குமுன் ஜெபிப்பாள், பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளைகளோடு சேர்ந்து வந்த தமிழில்: "சாமு மாமாவோட காரியம் சரியாவணும், கேட்டோ."

4

ஒரு நாள் வேலை நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. பேசியவர் முருகேசன், உடையார்பாளையத்துக்காரர், சாமுவேலின் கம்பெனியிலேயே சென்ட்ரிங் கார்பென்டர், கேம்பில் ஒரே அறை. எங்களை ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

"ஏம்ப்பா ஸ்டீபன், ஒன் கூட்டாளிக்குக் கண்ணு தெரியலங்கிறது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

நான் போனோடு எழுந்து வெளியே வந்தேன்.

"மொதல்ல என் செருப்ப மாட்டிக்கிட்டுப் போனான். புதுச் செருப்பு, மாப்ள ஆசப்பட்டுட்டான்னு விட்டேன். அப்புறம் டீய டம்ளருக்கு வெளிய ஊத்துனான். 'டேய், என்னடா ஆச்சு ஒனக்கு'ன்னு சட்டையப் புடிச்சேன். அழுதுட்டான். சுகரு. கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாம். நான்தான் கிளினிக்கு இழுத்துட்டுப் போனேன். லேசர் வைக்கணும், தள்ளிப் போடாதீங்கன்னாங்க. நான் அக்கா மவ கல்யாணத்துக்கு ஊருக்குப் போறப்ப, 'ஒங்க சர்ச்சு ஆளுங்ககிட்டச் சொல்லி உடனே போடா'ன்னு சொல்லிட்டுத்தான் போனேன். ரெண்டு மாசங் கழிச்சு வந்து பாத்தா, அப்படியே ஒக்காந்திருக்கான். இப்ப வேலையில பெரிய தப்பு நடந்து போச்சு."

தப்பு இதுதான். அவன் கருவிக்குள் பார்ப்பதுபோல் குனிவான். எதிரில் அளவுக் கம்பு பிடிக்கிற பங்களாதேஷ் ஹெல்பர் எண்ணைக் கத்திச் சொல்வான், அதை இவன் குறித்துக்கொள்வான். மாதக்கணக்கில் அப்படி ஓட்டியிருக்கிறான். ஒரு நாள் ஆள் மாறிவிட்டான். புது ஆளுக்கு எண் சொல்லத் தெரியவில்லை. வடிகாலின் சரிவு தலைகீழாகப் போய், கட்டிய சுவரை உடைக்க வேண்டி வந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, கண்ணில் ஏதாவது கோளாறா என்று கேட்டிருக்கிறார். "மாஃபி முஷ்கில்" என்றிருக்கிறான் சாமுவேல். பிரச்சினை ஒன்றும் இல்லை. இந்த ஊரில் நாங்கள் எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் அரபி அதுதான், எதற்கும் அதையே சொல்லிவிடுவோம். அவர் ஒரு தாளை எடுத்து நீட்டி, படி என்று சொல்லியிருக்கிறார்.

நான் கேம்புக்கு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என் செருப்புச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினான், கொஞ்சம் தவறான திசையில்.

"வாங்க பிரதர். ஒண்ணும் இல்ல. கர்த்தர் பாத்துக்குவாரு."

முருகேசன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்றீங்க. பண்ணுங்க. முடிச்சதும் தொறந்து பாக்க வேணாமா?"

நான் திரும்ப உள்ளே போய்க் கட்டிலில் சாமுவேல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாமுவேலின் வேலை போயிற்று, பிறகு எல்லாம் ஆபீஸ் வேலையாகிப் போனது. விசா கேன்சல், ரெசிடன்ட் கார்டு ஒப்படைப்பு, செட்டில்மென்ட். எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் கையெழுத்து வேண்டும். கவுண்டரில் இருந்தவர், "படிச்சுப் பாத்துட்டுப் போடச் சொல்லுங்க" என்றார். நான் படித்துக் காட்டினேன். சாமுவேலின் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கையெழுத்துப் போடப் படித்த முதல் ஆட்கள் நாங்கள்தான். அவன் போட்ட கையெழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிப் போனது.

விமான டிக்கெட்டுக்கு உதவி கேட்கும் இடத்தில் பார்வையற்ற பயணி என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வாசித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத டிக் பண்ணாதீங்க பிரதர். காலு சரியில்லன்னு போட்டுடுங்க." அதனால், நன்றாக நடக்கிறவன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போனான். கண்ணாடிக் கதவு மூடும்வரை நாங்கள் மூன்று பேரும் கையசைத்துக்கொண்டிருந்தோம். யாருக்காக அசைத்தோம் என்று தெரியவில்லை.

5

இந்த விடுமுறையில்தான் என்னால் ரெட்டிபாளையம் போக முடிந்தது. அரியலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போக, பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. சாமுவேல் வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இலை எல்லாம் வெள்ளையாகத் தூசி. அவன் தோளிலும் தூசி.

அவன் ஆசைப்பட்டே கட்டிக்கொண்ட செல்வி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மஸ்கட்டு அண்ணன் வந்திருக்காரு."

"வாங்க பிரதர்" என்று எழுந்தான்.

"டேய் சாமு" என்றேன்.

அவன் அப்படியே நின்றான். பிறகு நாற்காலியைத் தடவிப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தான். "எத்தன வருஷமாச்சுடா," என்றான், "ஒன் வாயிலேருந்து அது வந்து."

திருச்சியில் இரண்டு தடவை ஆபரேஷன் செய்தும் இடது கண் முழுவதும் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரிகிறது. டாக்டர் கேட்டாராம், இதுவரை எங்கே இருந்தீர்கள் என்று. ஆரம்பத்தில் வந்திருந்தால் லேசரோடு முடிந்திருக்குமாம்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன்டா. முருகேசன் ஊருக்குப் போன அந்த வாரம். டாக்டர் சீக்கிரம் வாங்கன்னுட்டாரு. காசு கூடப் பெருசில்ல, கொஞ்சம் வச்சிருந்தேன். தனியாப் போகப் பயமா இருந்துச்சு. கம்பெனிக்குத் தெரிஞ்சா அனுப்பிடுவானுங்கன்னு வேற பயம். டேனியல்கிட்ட வண்டி இருக்கு, நீ கூட வருவ, வில்சன் அண்ணன் நல்ல யோசன சொல்வாருன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். என் முறை வந்துச்சு. 'ஒரு காரியம் இருக்கு'ன்னேன். எப்பவும் 'ஜெபிச்சுக்குங்க'ன்னு சேத்துச் சொல்லுவேன்ல? அன்னிக்கு சொல்லல. நிறுத்திட்டுக் காத்திருந்தேன். என்னன்னு ஒருத்தராவது கேப்பீங்கன்னு."

லாரி ஒன்று போனது.

"வில்சன் பிரதர் 'ஆமென்'னாரு. 'அடுத்து டேனியல் பிரதர்'னாரு. யாரோ ஹாரன் அடிச்சாங்க. எல்லாரும் எந்திரிச்சிட்டீங்க."

"நீயே சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருக்கலாம். விசுவாசம் கொறஞ்சவன்னு நெனப்பீங்களோன்னு இருந்துச்சு. மனப்பாடமாச் சொல்றான்னு அப்படிப் பாராட்டுனீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது, எனக்கு எழுத்தே தெரியலன்னு? பாலிடெக்னிக்ல நான் பசியில்லன்னு சொன்னா நம்ப மாட்ட. வாய ஊதச் சொல்லுவ. அங்க நான் என்ன சொன்னாலும் நீங்க மூணு பேரும் நம்புனீங்க."

அவன் மகன் யோவேல், ஆறு வயது, பள்ளிக்கூடம் விட்டு வந்தான். அப்பாவைத் தாண்டி நேரே உள்ளே போனான். சாமுவேல் மஸ்கட்டில் இருக்கும்போது, பையன் வீடியோவில் தான் வரைந்த படத்தைக் காட்டி, என்ன கலர் சொல்லு என்று கேட்பானாம். இவன் நல்லா இருக்குப்பா என்பானாம். "அப்பா பாக்காமயே சொல்றாரும்மா" என்று சொல்லி, பிறகு போனுக்கே வருவதை விட்டுவிட்டான். செல்வியும் பிள்ளையைத்தான் அதட்டியிருக்கிறாள். இப்போது பையனுக்கு விஷயம் தெரியும். ஆனாலும் ஒட்டவில்லை. "அவரு" என்றுதான் சொல்கிறான்.

"பொறந்ததுலேருந்து போன்லதான் அப்பா" என்றான் சாமுவேல். "இப்ப நேர்ல வந்துட்டேன். அவன் மொகம் எப்படி மாறியிருக்குன்னு செல்விதான் சொல்றா. யார் சாடைடா அவன்? நீ பாத்துச் சொல்லு."

"ஒங்கப்பா சாடை" என்றேன். உண்மைதான். வரிசையில் வேட்டி நுனியை நீட்டிய அதே முகம்.

கிளம்பும்போது அவன் கையைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் தடுத்துவிட்டான்.

"கோவம் இல்லடா. ஒண்ணே ஒண்ணு. எனக்காக ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. ஆனா காரியம்னு சொல்லாதீங்க. சாமுவேலோட கண்ணு போச்சு, அவனுக்கு வேல இல்ல, அவன் புள்ள அவங்கிட்ட வர மாட்டேங்கிறான், அப்படின்னு சொல்லி ஜெபிங்க. சபையில நின்னு சத்தமாச் சொல்லுங்க. பெரம்பலூர் வரைக்கும் தெரிஞ்சாலும் பரவால்ல."

6

இதைத்தான் போன வெள்ளிக்கிழமை கொட்டகைக்கு அடியில் சொன்னேன்.

வில்சன் பிரதர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் போட்ட விதிப்பா அது" என்றார். "ஒருத்தன் மானத்தக் காப்பாத்தப் போட்டேன்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதி அவருடையது. அதன் நிழலில் வசதியாக உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் எல்லாரும்.

ஊரில் சபைக்குப் போகிற என் வயது ஆண்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பெண்கள் ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசுகிறார்கள், நாம் பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறோம். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிகிறது. நமக்குக் கைகுலுக்கலும் ஸ்தோத்திரமும் போதுமாக இருக்கிறது. ஒருவன் சரியாக இருக்கிறேன் என்று சொன்னால் நம்பாமல் இருக்க ஒரு கூட்டாளியாவது வேண்டும். பொய் சொல்லாதடா என்று சொல்லும் உரிமை உள்ளவன். பத்துப் பேர் பிரதராக இருந்தாலும் அந்த ஒருவன் இல்லையென்றால் கூட்டத்துக்கு நடுவில் ஒருவன் கண் இழந்துபோவான், சுற்றி இருப்பவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான்.

வில்சன் பிரதர் நாற்காலியை டேனியல் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தம்பி, நீ போன மாசத்துலேருந்து ஒரு காரியம்னு சொல்லிட்டு இருக்கியே. என்ன அது?"

"ஒண்ணும் இல்ல பிரதர்."

"பொய் சொல்லாத" என்றேன் நான்.

டேனியல் தரையைப் பார்த்தான். அவனுடைய வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை. "எம் பொண்டாட்டி எங்கிட்டப் பேசி மூணு மாசமாச்சு" என்றான். "பணம் போட்டா எடுத்துக்கிறா. போன எடுக்க மாட்டேங்கிறா. என்ன பண்றதுன்னு தெரியல."

மலையாளிகளின் கார்கள் வந்துவிட்டன. யாரோ ஹாரன் அடித்தார்கள். திரும்பவும் அடித்தார்கள். டேனியலின் வேன்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றது. நாங்கள் எழவில்லை. கடைசியில் ஒருவர் இறங்கி வந்து எங்களைப் பார்த்தார். டேனியல் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்த் தன் காரை வெளியே தெருவில் நிறுத்தினார்.

பிறகு ஜெபித்தோம். சாமுவேலின் பெயரைச் சொல்லி, கண் என்று சொல்லி, யோவேலின் பெயரையும் சொல்லி. சாமுவேலுக்கு அது எதையும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் ஜெபித்தோம்.

ரெட்டிபாளையத்தில் பஸ் ஏறும் முன் செல்வியிடம், ஆஸ்பத்திரிக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டிருந்தேன். எங்களால் முடிந்ததை அனுப்பலாம் என்ற எண்ணம். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. இரண்டு ஆபரேஷன், கண்ணுக்குள் போட்ட ஊசிகள், திருச்சிக்குப் போய்வந்த கார் வாடகை, மருந்து என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள். கம்பெனி கொடுத்த செட்டில்மென்ட் பணம் அதில் போய்விட்டது. அவள் சங்கிலியும் அதில் போய்விட்டது, மாமனார் வைத்திருந்த அரைக் காணி நிலமும் போய்விட்டது. எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்.